ஐப்பசியில வெள்ளையடிச்ச வீடு

எந்தக் காலமோ தெரியாது பிள்ளைகளா, குளத்தங்கரையில ஒரு ஊரு, அந்த ஊர்ல ஆவுடையம்மான்னு அப்பளம் போட்டு விக்கிற ஒருத்தி இருந்தா. பிள்ளை குட்டி கிடையாது. கை வேற நடுங்க ஆரம்பிச்சுட்டு. காதுல கெடக்க பாம்படத்தை வித்து ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டா, வர்ற பணத்துல கஞ்சி குடிச்சுக்கிடலாம்னு நெனச்சா. இருக்க குடிசையும் பின்னால காலி மாட்டுத்தொழுவும் போக, அவகிட்ட இருந்தது அது ஒண்ணுதான், போனா போனதுதான்.

அப்ப பரமாண்டின்னு ஒருத்தன் வீடு விக்கிறான்னு கேள்விப்பட்டுப் போய்ப் பாத்தா. சுவரெல்லாம் பளபளன்னு வெள்ளை. அவளுக்குச் சுருக்குன்னுச்சு. ஊரே பொங்கலுக்குத்தான் வெள்ளையடிக்கும், இவன் அடைமழை ஐப்பசியில அடிச்சிருக்கானே, ஏன்?

"என்ன அண்ணாச்சி, ஐப்பசியில வெள்ளையடிச்சிருக்கீக?"

"நீ வருவேன்னுதான் தாயி."

"இம்புட்டு சாம்பிராணி எதுக்கு?"

"லெச்சுமி இருக்க வீடு தாயி."

"சுவரை மறைச்சு எதுக்குப் பாயைச் சாத்தி வச்சிருக்கீக?"

"விருந்தாளு வந்தா விரிக்கத்தான் தாயி."

மூணு கேள்விக்கும் மூணு பதில், ஒண்ணாவது நிக்குதா பாத்துக்கோங்க. அவன் தாயி தாயின்னு கூப்பிடக் கூப்பிட அவளுக்குச் சந்தேகம் கூடிக்கிட்டே போச்சு. ஆனாலும் வெளிய காட்டிக்கிடல.

"வீடு பிடிச்சிருக்கு அண்ணாச்சி. இந்த அப்பளக்கூடையை மட்டும் மூணு நாளு இங்க வச்சுக்கோங்க, மழையில தூக்கிட்டுப் போனா நனைஞ்சிரும்"னா. அவனும் சரின்னுட்டான். சுவத்துல ஈரம் இருந்தா அப்பளம் சொல்லிரும்னு அப்பளக்காரிக்குத் தெரியாதா? மூணு நாளு கழிச்சு வந்து கூடையைத் தொறந்தா, காஞ்ச அப்பளம் பூராவும் துணியா தொவண்டு, பச்சையா பூசணம் பூத்துக் கெடக்கு.

அவ சண்டை போடல. ஊராளுகளைக் கூட்டி வச்சு, "அண்ணாச்சி நல்ல வீடுங்காக. கார்த்திகை முடியுத மட்டும் குடும்பத்தோட இதுல இருந்து காட்டட்டும், கிரயம் முடிச்சுக்கிடுதேன்"னா. அத்தனை பேரு முன்னால மாட்டேன்னா குட்டு வெளிப்பட்டுருமே, ஒத்துக்கிட்டான். அதோட விட்டானா பேராசைக்காரன்? இது கைமாறினதும் பட்டணம் போயிரலாம்னு, தான் இருந்த நல்ல வீட்டையும் வித்துப்புட்டான்.

மொத மழைக்கு ஓட்டுலேர்ந்து சொட்டுச்சு, சட்டியை வச்சான். ரெண்டாம் மழைக்கு அடுப்பு நனைஞ்சுச்சு, பட்டினி கெடந்தான். மூணாம் மழைக்குக் குளம் நெறைஞ்சு, அடிச்சுவர் ஊறி, அந்த வெள்ளைச் சுவரு தொப்புன்னு விழுந்துட்டு. தலையில பாயைப் போட்டுக்கிட்டு பொண்டாட்டியோட ஓடினான், ஊரே பாத்துச் சிரிச்சுச்சு. ஓடிப் போய் நின்னது ஆவுடையம்மா வாசல்ல.

"தாயி, ஊர்ல ஒருத்தரும் எனக்கு இடம் தரமாட்டேங்காக. பின்னால உன் மாட்டுத்தொழு காலியாத்தானே கெடக்கு, அதையாவது குடு."

"தாரேன் அண்ணாச்சி. மாசம் பொறந்தா வாடகை வந்துரணும்."

அன்னைலேர்ந்து அவ அவன் வாடகையில கஞ்சி குடிச்சா, அவன் அவ தொழுவுல படுத்துக் கெடந்தான். விக்கிறவன் வாயை நம்பி வீடு வாங்காதீங்க பிள்ளைகளா. அம்புட்டுத்தான், போய்ப் படுங்க.