சொறிமீன்களைக் கட்ட வந்தவன்

முன்னொரு காலத்தில், ஒரு நாள், ஒரு தோணியில் நால்வர் இருந்தனர்: வெண்சங்குத்துறையை ஆண்ட மன்னன் அறவாழி, மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாகப் பெயர்பெற்ற கடல்கட்டி உலகுடையான், முத்துக் குளிக்கும் சேந்தன், அவனுடைய இடுப்புக் கயிற்றைப் பிடிக்கும் மண்டாடி கொற்றன். கொற்றன் சேந்தனின் மனைவிக்குத் தம்பி. அக்காளின் வாழ்வை எண்ணுபவன் கயிற்றை நழுவவிடமாட்டான் என்பதால், மைத்துனனிடமே கயிற்றைக் கொடுப்பது அத்துறையின் வழக்கம்.

“அந்திக்குள் சிப்பி எடுக்காவிட்டால் இந்த முத்துப் பார் அயல்துறையாருக்கு” என்று மன்னன் அறிவித்திருந்தான். பார் எனப்படும் அந்தக் கடலடிச் சிப்பித் திட்டின் மேலோ, தொட்டால் தோலை எரிக்கும் சொறிமீன்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நின்றன.

கடல்கட்டி நீறு தூவினான். “கட்டிவிட்டேன், குதி.” சேந்தன் கால்விரலை விட்டான், எரிந்தது.

கடல்கட்டி சங்கு ஊதினான். “கட்டிவிட்டேன், குதி.” சேந்தன் குதிகாலை விட்டான், எரிந்தது.

கடல்கட்டி மந்திரம் முழங்கினான். “கட்டிவிட்டேன், குதி.” சேந்தன் முழங்கால்வரை விட்டு, வெடுக்கென இழுத்துக்கொண்டான். “மச்சான், மிச்சமிருக்கும் தோலையாவது உன் அக்காளிடம் சேர்த்துவிடு” என்றான்.

“குதிக்காவிட்டால் பார் போய்விடும்” என்றான் மன்னன்.

“குதித்தால் மச்சான் போய்விடுவார், அரசே. கயிற்றை நான் விடமாட்டேன்” என்ற கொற்றன், ஒரு தேங்காய் நாரை நீரில் எறிந்தான். நார் கரையை நோக்கி ஓடியது. “நீர் கரைக்குத் தள்ளுகிறது. இவை கடலை நோக்கி எதிர்த்து நீந்துகின்றன. இரண்டும் சமமானதால் இங்கேயே நிற்கின்றன. ஓட்டம் தளரட்டும், தாமாகவே விலகும்.”

கடல்கட்டி சிரித்தான். “மூளையில்லாத கூழுக்கு வழி தெரியுமோ?”

“தெரியாவிட்டால் இத்தனையும் கரையில் அல்லவா கிடக்கும்?”

மன்னன் கரையைப் பார்த்தான். மணலில் ஒன்றுகூட இல்லை. “பொறுப்போம்” என்றான்.

வெயில் சாயத் தொடங்கியபோது கொற்றன் மீண்டும் நாரை எறிந்தான். அது அசையாமல் மிதந்தது. சொறிமீன்கள் குடை போன்ற உடல்களைச் சுருக்கி விரித்து, ஆழ்கடல் பக்கம் மெல்ல நகர்ந்தன. நீர் தெளிந்தது. சேந்தன் குதித்தான், அந்திக்குள் தோணி நிறையச் சிப்பி ஏறியது. பார் அத்துறையாருக்கே நிலைத்தது.

கட்டளையிடுவதற்கு முன் கவனித்துப் பார்ப்பதே அறிவு.

தோணி கரை தட்டியதும் கடல்கட்டி தொண்டையைச் செருமினான். “என் மந்திரம் சற்றுத் தாமதமாகப் பலித்தது, அரசே.”

“நல்லது. அவற்றைத் திரும்ப அழையுங்கள், பார்க்கிறேன்” என்றான் மன்னன்.

கடல்கட்டி நீற்றுப் பையை மடியில் செருகிக்கொண்டு இறங்கினான். மணலில் நடந்து போனான்.