குருசடிக்கு வெள்ளை

எங்கள் கரையில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. கல்யாணப் பேச்சும் சண்டையும் ஒரே சத்தத்தில்தான் நடக்கும். ஆனால் ஒன்றை மட்டும் கூடப்பிறந்த தம்பியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். தன்னுடைய பார் எங்கே கிடக்கிறது என்பதை.

பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு. மீன் அங்கேதான் கூடும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். அதைக் கண்டுபிடிக்க வள்ளத்தில் நின்றுகொண்டு கரையைப் பார்க்க வேண்டும். முன்னால் ஒரு கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு மலை, இரண்டும் ஒன்றாய் வர வேண்டும். இன்னொரு பக்கம் ஒரு கலங்கரை விளக்கும் ஒரு பனையும் ஒன்றாய் வர வேண்டும். இரண்டு நேரும் கூடுகிற இடத்தில் நங்கூரத்தைப் போட்டால் கீழே பார். இதற்குக் கணியம் என்று பெயர்.

கணியத்தை அப்பன் சாகிற நேரத்தில்தான் மகன் காதில் சொல்வான். கடலில் வேறு வள்ளம் பக்கத்தில் வந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பார்கள். மீன்பாடு எப்படி என்று கேட்டால், ஒண்ணும் கெடயாது வோய் என்பார்கள். தார்ப்பாய்க்கு அடியில் மீன் துடித்துக்கொண்டிருக்கும்.

ஜிபிஎஸ் வந்த பிறகும் ததேயு அதை வாங்கவில்லை. கருவியை ஒருத்தன் களவாண்டால் பாரும் சேர்ந்து போய்விடும் என்பது அவர் பயம். பேரன் எடுத்த மனிதர். தூண்டிலுக்குத் தனியாகவே போவார். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

அந்த ததேயு ஒருவரிடம் பாடம் கேட்டுவந்தார். பெர்க்மான்ஸ் உபதேசியார். கடற்கரையில் செம்மண் மேட்டின் மேல் உயரமான சிலுவையோடு நிற்கும் குருசடியைப் பார்த்துக்கொள்கிறவர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருகிறவர். மலையோரத்து ஊர்க்காரர், ததேயுவை விட வயதில் ரொம்ப இளையவர், நீச்சல்கூடத் தெரியாது. வேதாகமத்தில் வருவதுபோல எல்லோரையும் நீர் என்றுதான் அழைப்பார். ஒரு மனு எழுதச் சொல்லிப் போன ததேயு, அன்று ஒரு கேள்வி கேட்டார். மறுநாளும் கேட்கப் போனார். மீசை நரைத்த பிறகு ஞானோபதேசத்துக்குப் போகிறார் என்று ஊர் சிரித்தது. அவர் போவதை நிறுத்தவில்லை.

அந்த வருஷம் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்ட ஒரு கம்பெனி வந்தது. தோண்டினால் பார் உடையும், சேறு மூடும், கிணற்றைச் சுற்றி வள்ளமே வரக்கூடாது என்று தடை போடுவார்கள். ததேயு கரை முழுக்க அலைந்து ஆள் சேர்த்தார். வள்ளங்களில் கறுப்புக்கொடி ஏறியது. அவர் மனைவி அமலியும் மற்ற பெண்களும் மீன் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து எழும்பச் சொன்னபோது, மீன் வாங்குறதா இருந்தா பேசும், இல்லன்னா காத்த மறைக்காதேயும் என்றாள் அமலி.

கடைசியில் அரசாங்கம் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தது. மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை.

வந்த அதிகாரி நல்ல மனிதர். சுவரில் ஒரு கடல் வரைபடத்தை மாட்டியிருந்தார். அதில் கிணறு தோண்டப்போகும் பகுதியைச் சுற்றி ஒரு பெரிய கட்டம் போட்டிருந்தது. கட்டத்துக்குள் வெறும் நீலம்.

"நீங்க எதிர்க்கிறீங்க, எழுதிக்கிட்டேன். இந்தக் கட்டத்துக்குள்ள எங்கெங்க மீன் பிடிக்கிறீங்க? இடத்தைச் சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

முதலில் சூசைமிக்கேல் எழுந்தார். அவரும் ததேயுவும் பேசிப் பல வருஷம் ஆயிற்று. தன் பாரைக் கண்டுபிடிக்க வள்ளத்தில் பின்தொடர்ந்து வந்தான் என்பது ததேயுவின் குற்றச்சாட்டு. இல்லவே இல்லை என்பது சூசைமிக்கேலின் சத்தியம். அவர் வாயைத் திறந்தார். பிறகு மெல்லத் திரும்பிப் பார்த்தார். கரையில் உள்ள அத்தனை காதும் அவர் பக்கம் இருந்தது.

"அங்க ஒண்ணும் கெடயாது சார். வெறும் சேறு."

பழக்கதோஷம். அடுத்தவர் எழுந்து, நாங்க அந்தப் பக்கம் போறதே இல்லை என்றார். இன்னொருவர் எப்போதாவது காற்று தள்ளிக்கொண்டு போனால் உண்டு என்றார். ஒவ்வொருவராய் எழுந்து கடலைத் துடைத்துக் காலி செய்தார்கள். ததேயுவுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவே கஷ்டமாக இருந்தது. பிறகு அவர் முறை வந்தது. சூசைமிக்கேல் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அங்க ஒண்ணும் இல்ல சார்" என்றார் ததேயு.

அதிகாரி சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டார். கம்பெனிக்காரர் சிரித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேச வேண்டியவர்கள் இன்னும் இருந்ததால் அடுத்த மாதம் இன்னொரு நாள் கூட்டம், அதுதான் கடைசி என்று சொல்லி எழுந்தார்கள்.

அன்று வீட்டில் அமலி சோறு வைத்த சத்தத்தில் தட்டு நசுங்கியிருக்கும். "கம்பெனிக்காரனாவது வெலைக்குக் கேட்டான். நீங்க எல்லாரும் சேந்து கடலைச் சும்மாவே குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

ததேயு சாப்பிடாமல் குருசடிக்குப் போனார்.

"உபதேசியாரே, எங்க ஆளுக வாயத் தொறந்தா பொய். இவங்கள வச்சு ஒரு கம்பெனிய எப்படி எதுக்க?"

"உம்மகிட்ட கேட்டப்போ நீரு என்ன சொன்னீரு?"



உபதேசியார் எழுந்து குருசடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுவரைத் தடவி விரலைப் பார்த்தார்.

"வெள்ளையடிச்சு நாளாச்சு. நாளைக்குக் கொஞ்சம் தென்னந்தட்டி கொண்டாரும். சுத்திக் கட்டிப்போட்டு வேலையப் பாப்போம்."

கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று ததேயுவுக்கு வருத்தம். ஆனாலும் மறுநாள் முடைந்த ஓலைத் தட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். உபதேசியார் ஏணியைப் பிடித்துக்கொள்ள, ததேயு ஏறிக் கட்டினார். சுவர் மறைந்தது. சிலுவையின் அடிமரம் மறைந்தது. அங்கே அவர் கை நின்றது.

"மேல வரைக்குமா?"

"மேல வரைக்கும்."

"நுனிய விட்டிரலாம்லா? காத்துக்குத் தட்டி நிக்காது."

"நுனிதான் ரொம்ப அழுக்கா இருக்கு."

ததேயு நுனியையும் மறைத்துக் கட்டினார். அன்று அவர் கட்டிய முடிச்சு ஒன்றும் நேராக விழவில்லை.

மறுநாள் கடலில் இருந்து பார்த்தபோது குருசடியையே காணோம். செம்மண் மேட்டின் மேல் காய்ந்த ஓலை. எல்லாம் ஒரே நிறம். வெள்ளையாய் நின்ற சிலுவை இருந்த இடம் தெரியவில்லை. கலங்கரை விளக்கும் பனையும் சரியாகத்தான் வந்தன. ஒரு நேர் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? அந்த நேரிலேயே மேலும் கீழும் அலைந்து நங்கூரத்தைப் போட்டுப் போட்டு எடுத்தார். சேறுதான் வந்தது. வெறும் சேறு. கூட்டத்தில் தான் அருவருத்த அந்தச் சொல்லை அவர் கடலில் தனியாக இருந்து நினைத்துக்கொண்டார்.

குருசடிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரிக்க வந்தவர்போல அவர் சாயங்காலம் போய்ப் படியில் உட்கார்ந்தார். வேலை தொடங்கியதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்தார். உபதேசியாரே, மகளுக்குக் கல்யாணம் வருகிறது, குருசு மூடிக் கிடந்தால் நல்லாவா இருக்கும் என்று கேட்டார். சுண்ணாம்பு இன்னும் நீறவில்லை என்றார் உபதேசியார். அவர் போனதும் இன்னொருவர். ராத்திரி தூக்கம் வரவில்லை, குருசைப் பார்த்து ஜெபிக்காமல் மனசு ஒருமாதிரி இருக்கிறது என்றார். கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆள் அவர். சுண்ணாம்பு நீறவில்லை. மூன்றாவதாக சூசைமிக்கேல் வந்தார். படியில் ததேயுவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஓலையப் பிரிக்க ஆள் வேணும்னா நான் வாறேன்" என்று உபதேசியாரிடம் மட்டும் சொன்னார்.

"சுண்ணாம்பு நீறட்டும்."

இப்படியே நாட்கள் போயின. கரையில் அத்தனை வள்ளமும் தட்டுத் தடுமாறின. வந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று பக்தி. ததேயு படியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அத்தனை பேரும் இத்தனை காலம் இந்த ஒரே சிலுவையைப் பார்த்துத்தான் கடலில் நின்றிருக்கிறார்கள். அவரைப் போலவே, தனக்கு மட்டும் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு.

கூட்டத்துக்கு முந்தின நாள் அவர் கேட்டார்.

"எப்போ பிரிப்பீங்க, உபதேசியாரே?"

"உமக்கு என்ன அவசரம்? உமக்கும் கல்யாணமா?"

ததேயு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அந்தக் குருசும் பின்னால மலை இடுக்கும் ஒண்ணா வரணும். கலங்கரை விளக்கும் ஒத்தப் பனையும் ஒண்ணா வரணும். அங்க எங்க அப்பன் பாரு கெடக்கு. நான் சாகும்போது எம்மகனுக்குக் குடுக்க அது ஒண்ணுதான் இருக்கு. கம்பெனி வந்தா அது போச்சு. சொன்னாலும் போச்சு, மறுநாளே ஊரு பூரா அங்க நிக்கும்."

"என்கிட்ட எதுக்குச் சொல்லுதீரு? எனக்கு நீச்சலே தெரியாது" என்றார் உபதேசியார்.

மறுநாள் மண்டபத்தில் அதே வரைபடம். அதே நீலம். ததேயு முதல் ஆளாக எழுந்தார்.

"போன தடவை ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே. அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

"பாரு."

அதிகாரி திடுக்கிட்டு நிமிர்ந்தார். "எதைப் பார்க்கச் சொல்றீங்க?"

மண்டபம் சிரித்தது. ததேயுவும் சிரித்தார்.

"கடலுக்கு அடியில கெடக்குற பாறை சார். அதுக்குப் பேரே பாரு." பிறகு அவர் அதிகாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஊரைப் பார்த்து நின்றுகொண்டு கணியத்தைச் சொன்னார். குருசு, மலை இடுக்கு, கலங்கரை விளக்கு, ஒத்தப் பனை. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் இடுப்புத் துணி அவிழ்ந்து நிற்பதுபோல் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

சூசைமிக்கேல் எழுந்தார்.

"அவரு சொல்லது நெசம் சார். அங்க பாரு இருக்கு. எனக்குத் தெரியும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ததேயு. பல வருஷத்துக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பின்னாலயே வந்து பாத்தேன். பாத்ததோட சரி, அங்க தூண்டில் போடல." மண்டபம் மறுபடி சிரித்தது. சூசைமிக்கேல் சிரிக்கவில்லை. "என்னோடது அதுக்குக் கொஞ்சம் கெழக்க. அதே குருசுதான். பின்னால மட்டும் வேற மலை. எழுதிக்கோங்க."

அதன் பிறகு யாரும் முறை பார்க்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் எழுந்து நின்று சொன்னார்கள். மெதுவாகச் சொல்லுங்கள் என்று அதிகாரி கெஞ்ச வேண்டியிருந்தது. ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் இருந்தது. அப்பன் பெயர், பாட்டன் பெயர், யாரோ முங்கிப்போன ஒருவரின் பெயர். நீலக் கட்டத்துக்குள் புள்ளி வைக்க இடமில்லாமல் போயிற்று. கம்பெனிக்காரர் அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முடிவை மேலிடம் சொல்லும் என்றார்கள். மேலிடம் சொல்வதற்கு முன்பே கம்பெனியின் அளவெடுக்கும் கப்பல் வந்துவிட்டது. விடிந்தபோது அது நேராகப் போனது ததேயுவின் பாருக்குத்தான். ஆனால் இப்போது அந்த இடம் எல்லோருக்கும் தெரியும்.

வள்ளங்களுக்குக் குடிதண்ணீர் எடுக்கக் கரைக்கு வந்த ததேயு, குடத்தோடு குருசடியில் நின்றார். ஓலைத் தட்டிகள் பிரிந்து கிடந்தன. உபதேசியார் ஏணியில் நின்று வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். சுவர் வெயிலில் பளிச்சென்று இருந்தது.

"கரையில என் வள்ளத்தத் தவிர ஒண்ணுகூட இல்ல. எல்லாம் அங்கதான் கெடக்கு" என்றார் ததேயு.

"கப்பல்?"

"எடமில்லாமத் தள்ளி நிக்குது. நாளைக்கும் வரும்."

"நீரு?"

"நாளைக்கும் நிப்போம். சூசைமிக்கேல் வீட்டுல கஞ்சி, எங்க வீட்டுல கொழம்பு. அமலி எல்லாம் பேசிட்டா."

அவர் கடலைப் பார்த்தார். அப்பன் காதில் சொன்ன இடத்தில், தான் ஒருநாளும் இன்னொரு வள்ளத்தை நெருங்கவிடாத இடத்தில், ஊரே நங்கூரம் போட்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்திலா வருத்தத்திலா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

"இனி அது என் பாரு இல்லலா, உபதேசியாரே?"

உபதேசியார் ஏணியை விட்டு இறங்கி வந்து வெள்ளையடிக்கும் மட்டையை அவர் கையில் கொடுத்தார்.

"குருசு நுனிக்கு இன்னொரு பூச்சு பூசிட்டுப் போரும். இன்னைக்கு எல்லாரும் ஒரே எடத்துல நின்னு பாக்குதாங்க."