துவாலுவுக்காகப் பேசியவள்

ஒரு கல்லூரியில், அரசியல் அறிவியல் துறையின் இரும்பு பீரோவுக்குள் உலகத்து நாடுகளெல்லாம் குடியிருந்தன. நிஜ நாடுகள் அல்ல. அட்டையில் வெட்டி, மார்க்கரால் பெயர் எழுதிய பலகைகள். பி.ஏ. மூன்றாம் ஆண்டில் சர்வதேச உறவுகள் என்றொரு பாடம் உண்டு. அதற்காக வருடம் ஒருமுறை மாணவர்கள் மாதிரி ஐ.நா. சபை நடத்துவார்கள். அன்றைக்கு மட்டும் பலகைகளுக்கு வெளிச்சம் கிடைக்கும்.

அந்த நாள் நெருங்கியதும் பீரோவுக்குள் பேச்சு கிளம்பிவிடும்.

"என்னை எடுக்கப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள், பாருங்கள்" என்றது அமெரிக்கா.

"போன தடவை என்னைத்தான் முதலில் எடுத்தார்கள்" என்றது சீனா.

அடியில் கிடந்த துவாலு வாய் திறக்கவில்லை. பசிபிக் கடலில் இருக்கும் சின்னஞ்சிறு தீவு நாடு அது. அதன் பெயரைக் கேட்ட மாணவர்கள் சிரித்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள். போன வருடம் அதன் மேல் டீ டம்ளரை வைத்திருந்தார்கள். 'வா' என்ற எழுத்தைச் சுற்றி ஒரு வட்டக் கறை இன்னும் இருந்தது.

"வருத்தப்படாதே. இந்த வருடம் யாராவது வருவார்கள்" என்றது பக்கத்தில் கிடந்த எகிப்து.

வந்தாள். ஆனால் விரும்பி வரவில்லை. நாடுகளைப் பங்கிட்ட அன்று தர்மினி வகுப்புக்கு வரவில்லை. அவள் அகதிகள் முகாமில் வசிப்பவள். அன்று முகாமில் ஆள் சரிபார்க்கிற நாள். அதிகாரிகள் வந்து போகும்வரை யாரும் வெளியே போகக்கூடாது. மறுநாள் வந்தபோது மிச்சம் இருந்தது துவாலு மட்டும்தான்.

"பரவாயில்லையா தர்மினி?" என்று கேட்டார் பேராசிரியை ரெஜினா.

"இருக்கட்டும் மேடம். எனக்கு இதுவே போதும்."

பயிற்சிக்காகப் பலகையை அவள் வீட்டுக்கு எடுத்துப்போனாள். வீடு என்றால் ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். அவளுடைய அம்மா நவமணி, முந்தானையால் பலகையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"இது எந்த ஊர் பிள்ளை?"

"ஒரு தீவு அம்மா. கடல் கொஞ்சம் கொஞ்சமா உள்ளுக்கு வருது. கடைசில மூழ்கிப் போயிடும் எண்டு சொல்லினம்."

நவமணியின் கை நின்றது. "ஐயோ பாவம், அந்தச் சனங்கள் எங்க போகப்போகினம்?"

"அதைத்தான் நான் சபையில கேக்கப்போறன்."

அதுவரை தன்னை யாரும் பாவம் என்று சொல்லித் துவாலு கேட்டதில்லை. 

தர்மினி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். அந்தத் தீவில் கிணற்று நீர் உப்பாவதையும் கிழங்குத் தோட்டங்கள் கருகுவதையும் பற்றி எழுதி எழுதிப் பார்த்தாள். குழாயடியில் வரிசையில் நிற்கும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

சபை கூடிய நாளில் அவள் முறை வந்தது. பலகையை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கள் நாடு..." என்று தொடங்கினாள். அதோடு நின்றுவிட்டாள்.

எழுதிக்கொண்டு வந்ததை மறந்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். காரணம் துவாலுவுக்கு மட்டும் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அவள் வாயில் அந்த இரண்டு சொற்களும் சேர்ந்து வந்ததே இல்லை. அவள் மறுபடி தொடங்கினாள். இந்த முறை குரல் தெளிவாக வந்தது.

அமெரிக்காவின் பலகைக்குப் பின்னால் இருந்த அஸ்வந்த் எழுந்து கேட்டான். "உங்கள் நாடு மூழ்கினால் உங்கள் மக்கள் வேறு நாட்டுக்குப் போய் வாழலாமே. அதில் என்ன சிக்கல்?"

தர்மினி கையில் இருந்த தாளை மடித்து வைத்தாள்.

"போகலாம். போகிற இடத்தில் எங்களுக்குச் சோறு போடுவீர்கள், கூரையும் கொடுப்பீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அங்கே எங்களுக்குப் பிறக்கிற பிள்ளையை யாருடைய பிள்ளை என்று எழுதுவீர்கள்? அது வளர்ந்து, படித்து, ஒருநாள் உங்கள் முன்னால் வந்து நின்றால் உள்ளூர்க்காரி என்பீர்களா, விருந்தாளி என்பீர்களா? ஒருத்தி எத்தனை காலத்துக்கு விருந்தாளியாகவே இருக்க முடியும்?"

 அஸ்வந்த்தான் முதலில் கை தட்டினான்.

முதல் பரிசு அவளுக்குத்தான். பரிசு பெற்றவர் பாங்காக்கில் நடக்கும் மாணவர் மாநாட்டில் அதே நாட்டுக்காகப் பேச வேண்டும். செலவு முழுவதும் கல்லூரியுடையது. ரெஜினா மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாஸ்போர்ட் இருக்காம்மா? இல்லேன்னா அவசரமா தத்கால்ல போட்டுடலாம்."

"எனக்குத் தர மாட்டாங்க மேடம்."

"ஏன் தர மாட்டாங்க? நீ இங்கதானே பொறந்த?"

"பொறந்தது இங்கதான். ஆனா அம்மாவும் அப்பாவும் இலங்கையில இருந்து படகுல வந்தவங்க. அதனால நான் இந்த நாட்டுப் பொண்ணு இல்லைங்கிறாங்க. இலங்கைக்கு எழுதிக் கேட்டா அம்மாவோட தாளெல்லாம் கொண்டாங்கிறாங்க. அதெல்லாம் வர்றப்பவே கடல்ல போயிடுச்சு."

 மறுநாள் ரெஜினா மேடம் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அலுவலகம் அலுவலகமாக இருவரும் ஏறி இறங்கினார்கள். தர்மினி தன் பையில் அந்தப் பலகையையும் வைத்திருந்தாள். பரிசுக்கு அது ஒரு சாட்சியாக இருக்கட்டும் என்று. எங்கேயும் யாரும் அவர்களைக் கடிந்து பேசவில்லை. கடைசியில் ஒரு அதிகாரி உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார்.

"உன் மேல எந்தத் தப்பும் இல்லம்மா. நல்லா படிக்கிற பொண்ணு. ஆனா எந்த நாட்டுப் பேரைப் போட்டு நான் இதைத் தர்றது, நீயே சொல்லு."

பைக்குள் இருந்த துவாலு, "என் பெயரைப் போடுங்கள்! அவள் எனக்காகப் பேசியவள்!" என்று கத்தியது. பலகைகள் பேசுவது மனிதர் காதில் விழாது.

திரும்பும்போது பேருந்தில் ரெஜினா மேடம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். தர்மினிதான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாநாட்டுக்குக் கல்லூரியின் பெயரைக் கொடுத்தாகிவிட்டது, யாராவது போயாக வேண்டும். இரண்டாம் பரிசு அஸ்வந்த்துக்கு. அவன் முதலில் மாட்டேன் என்றான். "நீ போகலேன்னா அந்தச் சனங்களுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டாங்க" என்று தர்மினிதான் அவனைச் சம்மதிக்க வைத்தாள். கல்லூரி முடிந்ததும் காலி வகுப்பறையில் உட்கார்ந்து தன் பேச்சையும், மாநாட்டுக்காகத் தான் எழுதிய தீர்மானத்தையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அவன் நல்ல பையன். கவனமாகக் கேட்டான். ஒரு இடத்தில் மட்டும் தடுமாறினான்.

"'எத்தனை காலத்துக்கு விருந்தாளி'ன்னு கேக்கிற இடம் எனக்குச் சரியா வரல தர்மினி. அங்க கோபமா சொல்லணுமா, அழுற மாதிரி சொல்லணுமா?"

அவள் யோசித்தாள்.

"ரெண்டும் வேண்டாம். ரொம்ப நாளா கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போன மாதிரி சொல்லு. வந்துடும்."

மாநாட்டுக்கு அவரவர் நாட்டுப் பலகையை அவரவரே கொண்டுவர வேண்டும் என்றிருந்தார்கள். அவள் பலகையை அவனிடம் கொடுத்தாள். விமான நிலையத்தில் அஸ்வந்த்தின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். அட்டையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அது கடலைத் தாண்டிப் போனது.

ஊர் திரும்பியதும் அஸ்வந்த் நேராகத் தர்மினியைத் தேடி ஓடிவந்தான்.

"ஜெயிச்சிட்டோம்! நீ எழுதின தீர்மானம் அப்படியே நிறைவேறிடுச்சு. நிலம் மூழ்கினாலும் துவாலு ஒரு நாடுதான்னு எல்லாரும் கை தூக்கிட்டாங்க!"

"அப்ப அந்தச் சனங்களோட பாஸ்போர்ட் செல்லும்தானே?"

"எப்பவும் செல்லும்!"

"நல்லது" என்றாள் தர்மினி. சிரித்தாள். முகாமுக்குப் போகிற பேருந்து வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

ரெஜினா மேடம் பலகையைப் பீரோவில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துப் பூட்டினார். மற்ற பலகைகள் அதைச் சூழ்ந்துகொண்டன.

"அதிர்ஷ்டக்காரி! வெளிநாடு எப்படி இருந்தது?" என்றது சீனா.

"உனக்காக எழுந்து நின்று கை தட்டினார்களாமே!" என்றது அமெரிக்கா.

துவாலு பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் இப்படி இருக்கிறாய்? இனி உனக்கு என்ன பயம்? கடலே வந்தாலும் உன் பெயர் அழியாது என்று உறுதி கொடுத்துவிட்டார்களே" என்றது எகிப்து.

"கொடுத்தார்கள்" என்றது துவாலு. "என் நிலம் தண்ணீருக்குள் போனால் உலகமே அழுமாம். அவள் தரையில் நிற்கிறாள். அதனால் யாருக்கும் தெரியவில்லை, அவள் மூழ்கிக்கொண்டிருப்பது."