முயல் வராத ஆண்டு

ஆண்டுகளுக்குக் கால்கள் இருந்த காலம் அது. விலங்குகள் பேசின, மனிதர்கள் பதில் சொன்னார்கள். இன்றுபோல அன்று புத்தாண்டு தானாகப் பிறந்துவிடாது. எலி, புலி, பாம்பு, குதிரை என்று பன்னிரண்டு விலங்குகள் முறை வைத்து அதைக் கூட்டிவர வேண்டும். முறைக்குரிய விலங்கு அரண்மனை வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தால்தான் அந்த நாட்டில் ஆண்டு விடியும்.

அந்த விலங்குகள் எல்லாம் சீனப் பேரரசரின் வசம் இருந்தன. அவரை வானத்தின் மகன் என்பார்கள். கொரியாவிலிருந்து பனியில் நடந்தும், கிழக்குத் தீவுகளிலிருந்து கப்பலேறியும் தூதர்கள் அவரிடம் வருவார்கள். காணிக்கை வைத்து, வணங்கி, வரப்போகும் ஆண்டின் விலங்கில் ஒரு குட்டியை வாங்கிப் போவார்கள்.

தெற்கே செந்நிற ஆறு பாயும் நெல்நாடு ஒன்று உண்டு. இன்று வியட்நாம் என்கிறோம். அந்த முறை அங்கிருந்து தூது புறப்பட்டவர் பெயர் கியெம். படிப்பும் பணிவும் மிகுந்தவர். வணங்கும் முறையில் ஒரு விரல் பிசகினாலும் மூன்று நாள் தூங்கமாட்டார். அவருக்கு ஒரே மகள் லியென். அப்போதுதான் பிள்ளை உண்டாகியிருந்தாள். புத்தாண்டை ஒட்டிப் பிரசவம் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

"அப்பா, நேரத்துக்கு வந்துடுங்க. ஆண்டு பிறக்காம என் பிள்ளை பிறந்துடக் கூடாது" என்றாள் லியென்.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆண்டில்லாத நேரத்தில் பிறந்த பிள்ளைக்கு வயது ஏறாது. கூடப் பிறந்தவர்கள் வளர்ந்து, மணமுடித்து, நரைத்துப் போவார்கள். அது மட்டும் தொட்டிலில் கிடக்கும்.

"வந்துடுவேன்மா" என்று படகேறினார் கியெம். படகில் அரிசி மூட்டைகளும், அவற்றை எலியிடமிருந்து காக்க ஒரு பெண் பூனையும் இருந்தன. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்போல உடம்பெல்லாம் கோடு. அதனால் பெயரும் பீர்க்கு.

ஆறுகளைக் கடந்தார்கள். மலைகளைக் கடந்தார்கள். பேரரசரின் நகரத்தை அடைந்தபோது இலைகள் உதிர்ந்து முடிந்திருந்தன. அரண்மனை முற்றத்தில் நின்ற கியெமுக்கு மறுகரை தெரியாத ஆற்றின் முன் நிற்பதுபோல இருந்தது. எத்தனையோ ஆயிரம் பேர் நின்றார்கள். ஓர் இருமல் இல்லை. திடீரென்று அத்தனை பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். பட்டுக் கைகள் தரையைத் தொட்ட ஓசை, தூரத்தில் மழை இறங்குவதுபோலக் கேட்டது. கியெமின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. உலகம் இப்படியும் ஒழுங்காக இருக்க முடியுமா?

அவருடைய அகலமான அங்கிக் கைக்குள்ளிருந்து பீர்க்கு எட்டிப் பார்த்தாள். "தூதரே, இங்க எலியே இருக்காது. பயந்தே செத்திருக்கும்."

"வாயை மூடு" என்றார் கியெம், உதடு அசையாமல்.

வெள்ளை முயல் ஒன்றை மஞ்சள் பட்டு விரித்த பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். கூடவே ஒரு விதியும் சொன்னார்கள்: பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மூன்று முறை மண்டியிட்டு, ஒன்பது முறை நெற்றி நிலத்தில் பட வணங்க வேண்டும். உள்ளே இருப்பது பேரரசரின் கொடை அல்லவா?

தெற்கே இறங்க இறங்க வெயில் ஏறியது. முயலுக்கு எதுவும் பிடிக்கவில்லை.

"இந்தப் புல்லு ஈரமா இருக்கு. தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. இதென்ன நாடு, சோறு வடிக்கிற பானைக்குள்ள வந்த மாதிரி?"

"வடக்கத்திப் பிரபுவே, அந்தப் பானையில வர்ற சோத்தைத்தான் உங்க ஊர்லயும் தின்னாங்க" என்றாள் பீர்க்கு.

"படகுப் பூனையோட நான் பேசறதில்லை."

"இப்ப பேசினது யாரு?"

எல்லைக் கணவாயின் உச்சியில் நின்று பார்த்தால் நெல்நாடு முழுதும் தெரியும். நடவுக்காக நீர் கட்டிய வயல்கள், வானத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பியதுபோலக் கிடந்தன. முயல் பெட்டியின் சந்து வழியாகப் பார்த்தது. அதன் மூக்கு நடுங்கியது.

"எங்கே பார்த்தாலும் தண்ணி. நான் எங்கே வளை தோண்டறது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது. பிறகு குரலைக் குழைத்து, "தூதரே, மூச்சு முட்டுது. கொஞ்சம் திறங்க" என்றது.

கியெம் திறந்தார். உடனே மண்டியிட்டார். நெற்றியை நிலத்தில் பதித்தார்.

முயல் வெளியே குதித்தது.

"ஐயா! ஓடுது! தலையைத் தூக்குங்க!" என்று கத்தினாள் பீர்க்கு.

கியெமின் காதில் விழுந்தது. ஆனால் ஒன்பது முடியாமல் எழுவது எப்படி? கொடைக்கு அவமதிப்பு, கொடுத்தவருக்கு அவமதிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் வணங்கி முடித்து நிமிர்ந்தார். வடக்குச் சரிவில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதுவும் மறைந்தது. துரத்திப் போன பீர்க்கு நாக்குத் தொங்கத் திரும்பி வந்தாள்.

"ஒன்பதும் சரியா வந்துச்சா?" என்று கேட்டாள்.

அவர் காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

தலைநகருக்கு அவர்கள் வந்தபோது பழைய ஆண்டு தீர்ந்திருந்தது. வானம் இருளாகவும் இல்லை, வெளிச்சமாகவும் இல்லை. சேவல்கள் கழுத்தை நீட்டின, குரல் வரவில்லை. அரண்மனை வாசலில் அரசரும் ஊர் மக்களும் காத்து நின்றார்கள். கூட்டத்தில் மருமகனின் முகம் தெரிந்தது.

"மாமா, லியெனுக்கு வலி கண்டுடுச்சு" என்றான் அவன்.

கியெம் அரசரின் காலடியில் விழுந்து நடந்ததைச் சொன்னார். "என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"உன் தலை படி தாண்டினால் ஆண்டு பிறக்குமா?" என்றார் அரசர்.

அப்போது பீர்க்கு முன்னால் வந்தாள். "நான் தாண்டறேன்."

"நீ ஆண்டு இல்லை. நீ மூட்டைக்குக் காவல் இருக்கிற பூனை" என்றார் கியெம்.

"அந்த முயல் பிறக்கும்போதே ஆண்டாவா பிறந்துச்சு? ஒருத்தர் பட்டு விரிச்சு உட்கார வச்சார். இந்த ஊர் நெல்லை யார் காக்கறா, அதைச் சொல்லுங்க முதல்ல."

கூட்டம் முணுமுணுத்தது. வானத்தின் மகன் வகுத்த முறையில் ஒன்றை மாற்றுவதா? வடக்கேயிருந்து படை வந்தால்? கியெம் அரசரைப் பார்த்தார். அரசர் தரையைப் பார்த்தார். வாழ்நாள் முழுதும் முறை தவறாத அந்த மனிதர், பெட்டியிலிருந்த மஞ்சள் பட்டை உதறி வாசற்படியில் விரித்தார்.

"பழி என்னுடையது. போ, அம்மா" என்றார்.

பீர்க்கு பட்டின்மேல் நடந்து படியைத் தாண்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கிழக்கே ஒரு கோடு சிவந்தது. ஒரு சேவல் கூவியது; ஊரெல்லாம் கூவியது. வயல் நீர் அத்தனையும் ஒரே கணத்தில் பொன்னாயிற்று. நின்றவர்கள் தாமாகவே மண்டியிட்டார்கள். யாரை வணங்குகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அப்போது, தெருக்கோடியிலிருந்து ஒரு சிசுவின் அழுகை கேட்டது.

ஆனாலும் கியெமுக்கு நிம்மதி இல்லை. இது உண்மையான ஆண்டுதானா? பேத்தி வளர்வாளா? தினமும் தொட்டிலண்டை குனிந்து பார்த்தார். கையா நீண்டிருக்கிறது? காலா? அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

கதிர் முற்றும் காலத்தில் பேரரசரின் அதிகாரி வந்தார். முயல் நலமா என்று பார்த்துவர அனுப்பியிருந்தார்கள். மஞ்சள் பட்டின்மேல் பீர்க்கு நான்கு குட்டிகளோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அதிகாரி நெடுநேரம் பார்த்தார். கியெம் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார். லியென் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இந்த ஆண்டு நடக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டார் அதிகாரி.

"எனக்குத் தெரியவில்லை, பிரபு" என்றார் கியெம். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

அதிகாரி குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். குழந்தை அவர் விரலைப் பிடித்து வாயில் வைத்தது. "ஆ!" என்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தார். கீழ் ஈறில் அரிசி மணிபோல ஒரு பல்.

அவர் கியெமைப் பார்த்துச் சிரித்தார். "நடக்கிறது, ஐயா. கடிக்கவும் செய்கிறது." பூனையை இன்னொரு முறை பார்த்தார். "தெற்கே வந்தால் முயலுக்குக் காது குறைந்து வால் நீண்டுவிடும் போலிருக்கிறது. அங்கே போய் அப்படியே சொல்கிறேன்."

வடக்கே முயல் ஆண்டு என்று கொண்டாடும் அதே ஆண்டை, செந்நிற ஆற்று நாட்டார் பூனை ஆண்டு என்று அழைத்து வருவது அந்தப் பல் முளைத்த நாளிலிருந்துதான்.