மூச்சு வாங்கும் இடம்

சிவக்கொழுந்தும் அமிர்தலிங்கமும் ஜோடி நாயனம். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பாட்டைப் பிடித்துக்கொள்வார். எங்கே யார் மூச்சு வாங்கினார்கள் என்று கேட்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. மாசியில் அமிர்தலிங்கம் இறந்துபோனார்.

சித்திரைத் திருவிழாவில் சிவக்கொழுந்து தனியாக வாசித்தார். வேறு ஜோடி வேண்டாம் என்றது அவரேதான். வீம்பு. சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கும்போது, வழக்கமான இடத்தில் உதட்டை எடுத்துவிட்டு, பாட்டை அவன் வாங்கிக்கொள்வான் என்று நின்றுவிட்டார். யாரும் வாங்கவில்லை. தவில்காரர் திரும்பிப் பார்த்தார். சாமி தூக்கியவர்கள் கோபுரவாசலிலேயே நின்றுவிட்டார்கள். அபசகுனம் என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது.

மறுநாள் காலை நாயனத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கொள்ளிடக்கரை மடத்துக்குப் போனார். அவருக்குத் தீட்சை கொடுத்த சாமி அங்கே இருந்தார். வயதில் அவரைவிடச் சின்னவர். சங்கீதத்தில் சுத்த சூனியம். எந்த ராகத்துக்கும் ஒரே மாதிரிதான் தலையாட்டுவார். ஆனாலும் மனசு உடைந்தால் சிவக்கொழுந்துக்குப் போக்கிடம் அதுதான்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சிவக்கொழுந்து நடந்ததைச் சொன்னார். நாயனத்தை ஆற்றில் விட்டுவிடப் போவதாகவும் சொன்னார்.

"சன்மானம் இப்ப முழுசா எனக்குத்தான் சாமி. வாங்கினா, வெறுங்கையாட்டம் இருக்கு. ஆயுசு பூரா அவனோட சேர்ந்து வாசிச்சேனே, எனக்கு என்ன மிச்சம்?"

"ஆத்துல விடறதுக்கு முன்னாடி ஒருதரம் வாசிங்க."

வாசித்தார். அதே மல்லாரி. அதே இடம் வந்ததும் உதடு தானாக விலகியது. கீரைத்தண்டு ஒடியும் சத்தம் மட்டும் கேட்டது. சிவக்கொழுந்து அழுதார். இந்த வயதில் அழுவது அவருக்கே பிடிக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"அவன் எடுத்துக்குவான்னு..."

"அவர் எடுத்துக்கிட்டப்ப எல்லாம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மூச்சு வாங்குவேன். எங்க கொண்டுபோறான்னு கேட்டுக்கிட்டிருப்பேன். எனக்குத் தெரிஞ்ச பாட்டுதான். ஆனா அவன் வாசிச்சா எனக்கே புதுசா இருக்கும்."

"அதை அவ்வளவு கிட்டத்துல வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

சிவக்கொழுந்து யோசித்தார்.

"யாருமில்ல சாமி. நான் மட்டும்தான்."

சாமி ஆய்ந்த கீரையை முறத்தில் பரப்பினார். ஆறு பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சிவக்கொழுந்து அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மடியில் கிடந்த நாயனத்தைப் பார்த்தார்.

"இனிமே?" என்றார்.

"இனிமே மூச்சு முட்டும்," என்றார் சாமி. "வாசிங்க."