அர்த்தநாரியின் நடுக்கம்

“இந்த நடுக்கம் போக ஒரு வழி சொல்லுங்க மேஸ்திரி. இல்லாட்டி இந்தத் தொழிலே வேண்டாம்னு போயிடறேன்” என்றான் அர்த்தநாரி.

சங்ககிரியில் டிரெய்லர் பிரேக் வேலை என்றால் செங்கோடன் மேஸ்திரிதான். வயதில் அர்த்தநாரிக்கு இளையவர். தொழிலில் அவர்தான் குரு.

“எப்ப நடுங்குது?”

“வண்டிக்கடியில குனிஞ்சாலே நடுங்குதுங்க. தம்பி நெனப்பு வந்துருது.”

தம்பி நல்லசிவத்துக்கும் இதே வேலைதான், வேறொரு பட்டறையில். சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்ற முதலில் பிரேக்கை விடுவிக்க வேண்டும். விடுவித்துவிட்டால், அத்தனை பெரிய வண்டிக்குச் சக்கரத்தடியில் வைத்த கட்டையை விட்டால் வேறு நாதியில்லை. நல்லசிவம் கட்டை வைக்காமல் விடுவித்தான். வண்டி நகர்ந்தது. தை மாதம் அவனைப் பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சரியாகச் சோறு இறங்குவதில்லை.

மேஸ்திரி ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொல்லாத மனுஷன்.

“அந்த டிரெய்லருக்கு பிரேக் ஷூ மாத்திட்டு வாங்கண்ணா. பேசலாம்.”

அர்த்தநாரி சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தான். ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்தான். எழுந்து போய்க் கட்டையைப் பார்த்தான். பிரேக்கை விடுவித்தான். மறுபடியும் போய்ப் பார்த்தான்.

“கட்டைக்குக் காது குத்தப் போறீங்களாண்ணா?” என்று ஒரு பையன் கேட்க, பட்டறையே சிரித்தது.

அவனுக்கு அழுகை வந்தது. ஆனாலும் போனான். கிரீஸ் பட்ட ஒரு கட்டை லேசாக வழுக்கியிருந்தது. துடைத்த வேறு கட்டையை அங்கே இறுக்கி வைத்துவிட்டுத்தான் டிரம்மை இழுத்தான்.

ஷூவின் மேல் பதித்த லைனிங் பட்டை, ரிவெட் ஆணியின் தலை வரைக்கும் தேய்ந்து கிடந்தது. எதிர்ப்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டையும் மாற்றினான்.

“முடிச்சிட்டேன் மேஸ்திரி. ஆனா கையைப் பாருங்க, இன்னும் ஆடுது. எந்திரிச்சு எந்திரிச்சுப் போய்க் கட்டையப் பார்த்தேன். ஊரே சிரிக்குது. இந்தப் பயம் எப்பத்தான் போகும்?”

மேஸ்திரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க தம்பிக்குக் கை நடுங்குமா?”

“அவனுக்கா?” அத்தனை துக்கத்திலும் அர்த்தநாரியின் முகத்தில் ஒரு பெருமை வந்தது. “பயம்னா என்னன்னே தெரியாதுங்க அவனுக்கு! ஒரு தடவகூடத் திரும்பிப் பார்க்க…”

சொன்னதை முடிக்காமல் திரும்பி, தான் இறுக்கி வைத்த கட்டையைப் பார்த்தான்.