சாட்சி ஏறிய ஸ்டேஜ்

பஸ் கண்டக்டர் வேலையை விட்டு ஐம்பத்தாறு வயதில் வக்கீலான கோமதிநாயகத்துக்கு அது முதல் வழக்கு. தோற்றால் ஆட்டோக்காரர் ஜெயசீலனுக்குச் சிறை.

"இவர் ஆட்டோ வளைவில் ஒருவர் மீது மோதியதை பஸ்ஸில் இருந்தபடியே பார்த்தேன்" என்றார் சாட்சி.

அரசு வக்கீல் ராஜகோபால் சாட்சியின் டிக்கெட்டை நீட்டினார். "அண்ணாச்சி, டிக்கெட் கிழிச்சே பாதி ஆயுசு போச்சு. இனிமே எப்போ சட்டம் படிச்சு இதைப் பொய்னு காட்டப் போறீங்க?"

கோர்ட்டே சிரித்தது. கோமதிநாயகமும் சிரித்தார்.

"சட்டம் கொஞ்சம்தான் தெரியும் சார். டிக்கெட் நல்லாத் தெரியும். இது அசல் டிக்கெட்தான். ஆனா இவர் ஏறினது எட்டாவது ஸ்டேஜ்னு போட்டிருக்கு. அந்த வளைவு ஆறாவது ஸ்டேஜ். பஸ் வளைவைத் தாண்டின பிறகுதான் இவர் ஏறியிருக்கார்."

சாட்சி தலைகுனிந்தார். ஜெயசீலன் விடுதலையானார்.

வெளியே பெஞ்சில் ராஜகோபால் நகர்ந்து இடம் விட்டார். "உட்காருங்க அண்ணாச்சி."

"முப்பது வருஷமா நின்னே பழகிட்டேன் சார்" என்றபடியே கோமதிநாயகம் உட்கார்ந்தார்.